மடிப்பு

புன்டா அரேனாஸில் காற்று ஆளைத் தள்ளும் மாதம்.
தெருமுனையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துப் பிடித்து
நோல்பெர்த்தோ ஓயார்சோ என் பட்டறைக்கு வந்தார்,
செய்தித்தாளில் சுருட்டிய ஒரு தோல்வாருடன்.
"அப்பாவுடையது. சவரக்கத்தி தீட்டுவது.
கத்தி புதிதாக வாங்கிவிட்டேன்.
இது தேறுமா, பாருங்கள்."

நான் சேணம் தைக்கிறவன். எனக்கோ தாடி.
ஆனாலும் தோல் என்றால் தோல்தான்.

முதலில் மோந்து பார்த்தேன்.
பூஞ்சை இல்லை. மண்ணெண்ணெய், கொஞ்சம் புகையிலை.
வளைத்தேன். முனகியது, வெடிக்கவில்லை.
குதிரைத்தோல். பின்பக்கம் லினன் துணி,
பழைய சோப்பு ஏறிக் கறுத்தது.
ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால்
ஒரு முழத்துக்குக் கண்ணாடிப் பளபளப்பு:
எஃகு போய்வந்து போய்வந்து போட்ட பாதை.
வலது ஓரத்தில் மூன்று வெட்டு.
கத்தியை முதுகின்மேல் புரட்டாமல்
வாயின்மேல் புரட்டிவிட்ட அவசரக் காலைகள் மூன்று.
மூன்றே மூன்று.
நிதானமான கை.

அப்புறம் இந்த மடிப்பு.

சரியாக நடுவில், குறுக்கே.
கொக்கியில் தொங்கி விறைப்பாக நிற்கிற வாருக்கு
அங்கே மடிய வேலையில்லை.
கீழ்ப்பிடியில் வியர்வைக்கறை, அது நியாயம்.
மேலே கொக்கிப் பக்கமும் கறை.
இரண்டு நுனியையும் சேர்த்து
ஒரே கை பிடித்தால்தான் அப்படி ஆகும்.

ரசீதில் எழுதினேன்: கழுவ, தேய்க்க, கொழுப்பிட.
மடிப்பு என்று எழுதவில்லை.

சேணச் சோப்பு நுரையை வழித்தபோது
முதலில் தேநீர் நிறம், மூன்றாவது முறை பால் நிறம்.
அடுப்பருகே வைத்தால் தோல் பிடிவாதமாகிவிடும்;
கதவருகே தொங்கவிட்டேன்.
கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து
எடை கொடுக்காமல் இழுத்தேன்.
வெட்டுகளின் உதடு மழுங்கியது.
ஆட்டுரோமக் கொழுப்பு, இந்த ஊரில் அதற்கா பஞ்சம்,
ஒரு பட்டாணி அளவு. கூடினால் வார் வழுக்கும்.
பிறகு வெறும் உள்ளங்கை,
தோல் சூடேறி என் கையைத்
திருப்பிப் பிடித்து இழுக்கும்வரை.

அழுக்கு போகப் போக
மடிப்பு மட்டும் தெளிவாகிக்கொண்டே வந்தது.

நான்காம் நாள் அவர் வரவில்லை.
அக்கா வந்தார், எதெல்மிரா.
கையுறையைக் கழற்றவில்லை.
மேசைமேல் கிடந்ததைத் தொடவுமில்லை.
"அவன் கடைக்குட்டி.
அவனுக்கு ஞாபகம் இருப்பது நுரை, பிரஷ்,
மூக்கில் வைத்த சோப்புப் பொட்டு."
கொஞ்சநேரம் காற்றுதான் பேசியது.
"அந்தக் கோடு போகாதா?"
"மேலாகத்தான் தேய்க்க முடியும், அம்மணி.
அது அடிவரை இறங்கியிருக்கிறது."
"தெரியும்."

பிறகு, கடைச்சரக்கு விசாரிப்பதுபோல:
"கத்தி தீட்ட இவ்வளவு நீளம் வேண்டுமா?"
"பாதி போதும். பலகையில் ஒட்டியும் தீட்டலாம்."
"ஒட்டிவிட்டால் வீச முடியுமா?"

லெங்கா மரப்பலகை ஒன்றை இழைத்துக் கொடுத்தேன்.
மடிப்பின்மேல் கத்தியை வைத்தபோது
அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.
சத்தம் கேட்டதும் தோள் ஒருமுறை குலுங்கியது.
வெட்டிய சத்தம்தான், சின்னது.

நோல்பெர்த்தோ சனிக்கிழமை வந்தார்.
பலகையைப் புரட்டினார்.
"நீளமாக இருந்ததே."
"நடுவில் தோல் செத்துப்போயிருந்தது."
கட்டைவிரல் வெட்டின விளிம்பில் ஓடி
பாதியில் நின்றது.
"அக்கா வந்தாளா?" என்றார்.
பதிலுக்குக் காத்திராமல் காசை எண்ணினார்,
இரண்டு தரம்.

அடுத்த வாரம் மீன்கடையில் பார்த்தேன்,
வழவழவென்று மழித்த முகம்,
தாடையோரம் ஒரு சிறு கீறல்.
"நன்றாகத் தீட்டுகிறது" என்றார்.

மற்ற பாதி என் ஆணியில் இருக்கிறது.
நல்ல குதிரைத்தோல். இரண்டு சேணத்துக்கு
ஒட்டுப்போட வரும்.
தினமும் கை அதுவரை போகிறது.