இரண்டு ஒன்றரை மணி

ஃபுஜைராவில் எங்கள் அறைச் சுவரில்
ஒரே ஒரு கடிகாரம்.
அது லண்டன் மணி காட்டும்.
உள்ளூர் மணிக்கு ஜன்னல் இருக்கிறது:
எதிர்ச் சந்தில் குஞ்ஞிமோன் ஷட்டரைத் தூக்கினால் நாலு,
நீலத் தொப்பிக்காரர்களின் பஸ் உறுமினால் நாலே கால்.

அக்டோபர் கடைசி சனி, அங்கே இரவு பத்து.
இங்கே ஞாயிறு பிறந்து ஒரு மணி.
எட்டு மணி நேர ஷிப்டுக்கு உட்கார்ந்தேன்.
திரையில் நாற்பத்தோரு கப்பல்கள்,
வெளித்துறையில் நங்கூரம் போட்டு
எண்ணெய்க்கு வரிசையில் நிற்பவை.

ஒன்றரைக்கு எழுதினேன்:
மெல்தியா, இயந்திரம் சீர்.

ஒன்று ஐம்பத்தொன்பது என்ற கடிகாரம்
அடுத்த நிமிடம் ஒன்று என்றது.
வெட்கமே இல்லை அதற்கு.
கொஞ்ச நேரத்தில் பாங்கு கேட்டது.
கடல் பக்கம் வானம் சாம்பல் பூத்தது.
குஞ்ஞிமோனின் பையன் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு
பழைய டம்ளரை எடுத்துப் போனான்.

மறுபடி ஒன்றரை. எழுதினேன்:
மெல்தியா, இயந்திரம் நின்றது,
நீரோட்டத்தில் நகர்கிறது.

விசாரணையில் கேட்டார்கள்,
ஒரே கப்பல், ஒரே நிமிடம், ஒரே கையெழுத்து,
சீரா, நின்றதா?
இரண்டும் என்றேன்.
ஒன்றரைக்கு ஓடியது, ஒன்றரைக்கு நின்றது,
நடுவில் ஒரு பாங்கும் ஒரு சாயாவும் இருந்தன.
அதற்கான கட்டம் பாரத்தில் இல்லை.

சம்பளத் தாளில் எட்டு மணி.
ஒன்பது உழைத்தேன் என்று எழுதினேன்.
கில்லியன் அன்பாகத்தான் பதில் போட்டாள்:
பத்துக்குத் தொடங்கி ஆறுக்கு முடித்தாய், ஜெஸிந்தா,
விரல் விட்டு எண்ணிப் பார்.
தவிர, மார்ச்சில் ஏழுக்கு எட்டு கொடுத்தோமே,
கணக்கு நேர்.

கில்லியன், மார்ச்சில் நான் தூத்துக்குடியில்
பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்,
காது தெரியவில்லை என்று இரண்டு தடவை.
உங்கள் மார்ச் மணியைச் சாப்பிட்டவன் முத்தரசன்.
அவன் சாப்பிட்ட இலையை
அக்டோபரில் நான் எடுத்தேன்.

பான்ட்ரியில் இதுதான் பேச்சு.
ஒழித்துக்கட்டணும் இந்தக் கூத்தை என்கிறான் ரஃபாக்கத்.
இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிறான் முத்தரசன்,
அவனுக்கென்ன.
ரோவேனா மட்டும் கப்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:
லண்டன் குளிர்ந்தால் என் ஷிப்ட் ஒரு மணி தள்ளிப் போகிறது,
நான் போன் பண்ணுவதற்குள்
மணிலாவில் என் மகன் தூங்கிவிடுகிறான்.
ஐந்து மாதம் அவன் தூங்கும் படத்தைத்தான்
அம்மா அனுப்புகிறாள்.

ஏன் மாற்றுகிறீர்கள் என்று கில்லியனிடமே கேட்டேன்.
சாயங்கால வெளிச்சம் வீணாகக் கூடாது,
தோட்டத்தில் உட்காரலாம்,
பகலைச் சேமிக்கிறோம் என்றாள்.

சேமியுங்கள்.
ஜூனில் இங்கே நிறைய இருக்கிறது,
கப்பலில் ஏற்றி அனுப்பட்டுமா?
பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெளிவேலை கூடாது என்று சட்டம்.
கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை.
ஆட்களை எழுப்புகிறார்கள்.
நாலே காலுக்கு வரும் பஸ் மூன்றரைக்கே வரும்,
மத்தியானம் தார்ப்பாய் நிழலில்
பூட்ஸைக் கழற்றாமல் படுத்திருப்பார்கள்.
அவர்கள் சேமிக்கும் பகல் எந்தக் கணக்கில் ஏறுகிறதோ.

மெல்தியாவை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.
என் ஒன்பதாவது மணி இன்னும் பரிசீலனையில்.

மார்ச் கடைசி சனி ஷிப்டை எனக்குத் தாருங்கள் என்று
நோட்டில் எழுதப் போனேன்.
எனக்கு முன்னால் பதினோரு பேர்.
உச்சியில் முத்தரசன், கிறுக்கல் எழுத்து,
எழுதிய நேரம் என்ற கட்டத்தில்
ஒன்றரை என்று போட்டிருக்கிறான்.