எங்கிருந்து

ஈசூன் புளோக்கின் கீழ்த்தளம், கல்மேசை, மணி பதினொன்றரை.
பன்னிரண்டு மாடிகளையும் சொல்லவேண்டிய நிரல்
பதினொன்றோடு நின்றுவிடுகிறது.
பகலெல்லாம் நான் பழுதுபார்க்கும் எந்த மின்தூக்கியும்
இப்படி என்னை அவமானப்படுத்தியதில்லை.

பீ லெங்குக்குப் படமெடுத்து அனுப்பினேன்:
‘விடையை மட்டும் போடு, நள்ளிரவுக்குள் ஒப்படைக்கணும்.’

எம்ஆர்டியில் நின்றுகொண்டே கேட்டாள்:
‘நீ எங்கிருந்து எண்ணுகிறாய்?’

தேவகோட்டையிலிருந்து
என்று தட்டி, அழித்தேன்.
பிறகுதான் திரையை மேலே தள்ளினேன்.
முதல் வரியில்
சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது
ஒரு பூஜ்ஜியம்.
எங்கள் ஊர்க் கட்டடம்போலத்தான்
எண்ணுகிறது இந்த இயந்திரமும்.
இங்கோ தரையே ஒன்று.

ஒன்றைக் கூட்டினேன். ஓடியது.
நன்றி சொல்வதற்குள் அடுத்த செய்தி:
‘சரி, என்னுடையது ஏன்
பதின்மூன்றாவது மாடிக்குப் போகிறது?’