நல்ல கட்டி

ஊறுகாய்ப் போத்தலைத் திறக்கப் போய்
விரல் முறிந்தது என்றால் யார் நம்புவார்கள்.
அவசரப் பிரிவுத் தாதி இரண்டு முறை கேட்டாள்:
வீட்டில் யாரும் அடிக்கிறார்களா?
வீட்டில் நானும் ஹோதானும்தான்.
அவளுக்கு அன்று இரவு வேலை.

புரூக்ஸில் மாட்டிறைச்சித் தொழிற்சாலை.
ஒன்பது வருடமாக எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கிறேன்.
எந்த மூட்டில் கத்தி வழுக்கும், எங்கே நிற்கும்
கை அறியும், கண் வேண்டாம்.
என் சொந்த எலும்பை
அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.
கறுப்புத் திரையில், மோதிர விரலின் அடிக்கணுவில்
ஒரு வெற்றிடம்.
சுற்றிச் சுவர், முட்டையோட்டின் மெல்லிசு.
குறுக்கே
தலைமயிர் விழுந்தாற்போல் முறிவு.

தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர்.
பெயர் சொல்லமாட்டார், இலக்கம் மட்டும்.
டொக்டர் ஃப்ரீசன் நீளமாக ஏதோ சொல்ல
மறுமுனை கொஞ்சம் இருமியது:
"அம்மா, உங்களுக்குக் கட்டி ஒண்டு இருக்கு.
பயப்படாதேங்கோ. நல்ல கட்டி."

நல்ல பாம்பு என்கிற மாதிரியா, என்று கேட்டேன்.
மௌனம். பிறகு சிரிப்பு.
பிறகு அதை ஃப்ரீசனுக்கு விளங்கவைக்க
அந்த மனிதர் பட்ட பாடு.
கடைசியில் சொன்னார்: புற்று இல்லை.
சரி.
பாம்பு உண்டு, புற்று இல்லை.

வளரும் வயதில் எலும்பாகியிருக்க வேண்டிய குருத்து
கொஞ்சம் மறதியாய் அங்கேயே தங்கிவிட்டதாம்.
பத்து வயதிலிருந்தே இருந்திருக்கும் என்றார்.
அப்படியென்றால்
ஓமந்தையில் பையைக் கொட்டிக் கொட்டித் தேடியவர்களுக்கும்
மூன்று விமான நிலையத்து இயந்திரங்களுக்கும்
அகப்படாமல் வந்திருக்கிறது.

வீக்கம். மோதிரத்தை வெட்டினார்கள்.
யார் போட்டது என்று தாதி மெல்லக் கேட்டாள்.
நானே. முதல் சம்பளத்தில், கல்கரியில்.
ரசீது இன்னும் இருக்கிறது.

முதலில் முறிவு பொருந்தட்டும், பிறகு திறப்போம்.
படிவத்தில் ஒரு வரி:
குழியை நிரப்ப எலும்புத் துகள், இறந்த ஒருவர் கொடுத்தது.
அன்றைய இலக்கம் ஒரு பெண்குரல்.
"காலஞ்சென்றவர்" என்றாள்,
வானொலி மரண அறிவித்தல் போல.
யார்? சொல்லமாட்டார்கள்.
ஆணா, பெண்ணா, என்ன வேலை செய்தார்,
குளிருக்குப் பழகியவரா.
வலது விரலில் மட்டை கட்டியிருந்தது.
இடது கையால் ஒப்பமிட்டேன், கோணலாய்,
வேறு யாரோ எனக்குச் சம்மதம் தந்ததுபோல.

மெடிசின் ஹாட். ஏப்ரலிலும் பனி.
தோளுக்குக் கீழே கை எனக்கில்லாமல் போனது.
நீலத்துணிக்கு அப்பால் கிடந்தது.
சுரண்டும் சத்தம் கேட்டது,
அடிப்பிடித்த பானையை
வீட்டில் யாரும் எழும்பாமல் சுரண்டுகிறாற்போல்.
எனக்குத் தெரிந்த சத்தம்.
தொழிற்சாலையில் கத்தி தவறி எலும்பில் ஏறினால் வரும்.
மேற்பார்வையாளன் திரும்பிப் பார்ப்பான்.
இங்கே யாரும் திரும்பவில்லை.
யாரோ வார இறுதி மீன்பிடிப்பு பற்றிக் கதைத்தார்கள்.

அன்றிரவு ஹோதான்
கட்டுப் போட்ட விரலிடம் குனிந்து
சலாம் சொன்னாள்.
எனக்கில்லை, உள்ளே வந்திருப்பவருக்கு.

மூன்றாம் மாதப் படம்.
வெற்றிடத்தில் சாம்பல் நிறம் ஊறியிருந்தது.
எது உங்களுடையது, எது அவருடையது என்று
பேனையால் காட்டப் போன ஃப்ரீசன்
பேனையைச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

இப்போது இலகு வேலை தந்திருக்கிறார்கள்.
கையுறை எண்ணுவது, ஜோடி ஜோடியாக.
சில நாள் ஒற்றை மிஞ்சும்.

வீட்டில் ஊறுகாய்ப் போத்தலை
ஹோதான்தான் திறந்து வைக்கிறாள்.
மூடியைத் திருகுவதில்லை, மேலே சும்மா வைத்திருக்கிறாள்.
எண்ணெய் வற்றுகிறது, மாங்காய் கறுக்கிறது.
நான் சொல்லவில்லை.