மில்லில் குடுங்கோ

விலாசம் என்று எழுதியிருப்பது இதுதான்:
வலதுகரை, மூன்றாம் வாய்க்கால்,
உடைந்த மதகுக்கு அங்கால.
நாய் நிற்கும், கடிக்காது.

கஜீபன் இரண்டு கிழமை சுற்றினான்.
போனில் சிவப்புப் புள்ளி
முத்தையன்கட்டுக் குளத்துக்கு நடுவே கிடந்தது.
"அக்கா, இந்த யசோதினி
தண்ணிக்குள்ளயே இருக்கிறா?"
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்.

யசோதினி விடிய ஐந்தரைக்குக் கார்மென்ட் பஸ் ஏறுபவள்.
இருட்டித்தான் இறங்குவாள்.
அதற்குள் அவளுடைய செருப்பு
மாங்குளம் போய், மல்லாவி போய்,
திரும்பவும் கிளிநொச்சி டிப்போவுக்குப் போய்விடும்.
மூன்று நாளில் அது போன தூரத்தை
யசோதினி மூன்று வருசத்திலும் நடக்கமாட்டாள்.

"இங்க வைச்சிட்டுப் போ" என்றேன்.
நான் சொன்னது அவ்வளவும்தான்.

மில்லுக்கு எல்லாரும் வந்துதான் ஆகவேண்டும்.
வறுத்த செத்தலோடு, ஊறிய அரிசியோடு,
ஒன்றுமில்லாவிட்டால்
கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க.
மாத்தட்டுக்கு மேலே இன்னொரு தட்டு அடித்து
உரபாக் விரித்தேன்.
எறும்பு ஏறாமல் கால்களுக்குத் தண்ணிச் சிரட்டை.
காசு கட்டினது உள்பக்கம், கட்டாதது வெளிப்பக்கம்.
குலுக்கிப் பார்க்கக்கூடாது.
(புவிராஜின் தாய் குலுக்கினா. அது முகம் பார்க்கும் கண்ணாடி.)
போனுக்கு வரும் நாலு இலக்கத்தை
மாத்தூசியில் விரலால் எழுதிக் காட்டினால் போதும்,
பார்த்துவிட்டு ஊதிவிடுவேன்.

உள்ளே என்ன என்று நான் கேட்பதில்லை.
கேளாமலே தெரியும்.
மடிந்து நெளிவது சட்டை,
சத்தம் போடுவது சட்டி.
கறுப்புப் பையில், பெயரைப் பொடி எழுத்தில் போட்டு
ஒன்று வரும் மாதம் ஒருக்கால்.
அது மிளகாய்ச் சாக்குக்குப் பின்னால் இருக்கும்.
ஆட்கள் போன பிறகு
அந்தப் பிள்ளை வந்து எடுப்பாள்.

ஒரே குறை, எல்லாவற்றிலும் தூள் மணம்.
முகத்துக்குக் கிறீம் எடுத்த ஒருத்தி
பெட்டியைத் திறந்து ஏழு தும்மல் தும்மி
கொம்பனிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டாளாம்.
ஏச்சு கஜீபனுக்கு.

தை பிறந்த கிழமை
இதயச்சந்திரன் என்றொரு பெயர் வந்தது.
உள்ளங்கை அளவுப் பெட்டி, செங்கல் பாரம்.
இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது, கையில் வாங்கவேண்டும்.
போனை எடுத்தால் ஒருத்தி,
இணைப்பு இல்லை என்று
மூன்று பாஷையிலும் சொன்னாள்.

ஏழு நாள்தான் கணக்கு.
ஆறாம் நாள் கஜீபன் பெட்டியைப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
ஏழாம் நாள்
தூள் பேணிக்குள்ளிருந்து காசை எண்ணிக் கொடுத்தேன்.
ஏன் என்று கேட்க வாயைத் திறந்தவனுக்கு
தும்மல்தான் வந்தது.

பத்தாம் நாள் காலை ஒருவன் வந்தான்,
கண் இரண்டும் செத்தல்.
பத்து இரவும் வயல் பரணில் காவல்.
மூன்று யானையாம், ஒன்று குட்டியாம்,
குட்டிதான் கூட அநியாயமாம்.
"ஏன் தம்பி போனை நிப்பாட்டி வைச்சனீ?"
"சார்ஜ் இல்லை அக்கா."
"போடுறதுக்கு என்ன?"
தட்டில் இருந்த பெட்டியைக் காட்டினான்.
"அதுக்குத்தானே அக்கா
இதை ஓடர் பண்ணினனான்."

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.
நான் சிரித்தது அவனுக்குக் கேட்டிருக்காது.

ஆயிரம் தந்தான். மிச்சம் நெல்லு வெட்டின பிறகு.
சுவரில் கரியால் குறித்துக்கொண்டேன்.
பவர்பாங்கை என் பிளக்கிலேயே செருகிவிட்டு
தவிட்டுச் சாக்கில் சாய்ந்தவன்
அதில் நாலு புள்ளியும் எரியும்வரை
நித்திரை கொண்டான்.
அரைக்க வந்தவர்கள் அவனைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

இப்போது மதகும் இல்லை, நாயும் இல்லை.
எல்லாரும் ஒரே வரிதான் எழுதுகிறார்கள்.
சிவப்புப் புள்ளி குளத்திலிருந்து கரையேறி
என் தகரக் கூரையில் வந்து நிற்கிறது.
பெயர்தான் பிழை.
கனகமலர் மில்லை
கனகமலை மில் என்று போட்டிருக்கிறார்கள்.

இந்தச் சமதரையில் மலை எங்கே என்று
ஒருவரும் கேட்கவில்லை.
பாசல் வந்து சேருகிறது.