பூட்டபிள்

வெள்ளிக்கிழமை. ஜுபைல் கேம்ப், அறை பதினேழு.
ஞானதிரவியத்தின் லேப்டாப் நீலத்திரையில் உறைந்து மூன்று நாள்.
ஹராஜில் முந்நூற்றைம்பது ரியாலுக்கு வாங்கியது.
திங்கள் இரவு அவனுக்கு சேஃப்டி ஆபீசர் பரீட்சை.

நான் ஏசி மெக்கானிக்.
குளிரப்பண்ணத் தெரிந்தவனுக்கு
எல்லாப் பெட்டியும் தெரியும் என்பது
இந்தக் கேம்பின் நம்பிக்கை.

"பூட்டபிள் பென்டிரைவ் ஒண்ணு போடணும்."
"பூட்டவா, தெறக்கவா?"
மேல்கட்டிலிலிருந்து செங்கோடன்.
"தெறக்கத்தான்."
"அப்புறம் எதுக்கு அந்தப் பேரு"
என்றபடி தலையணைக்கடியிலிருந்து எறிந்தான்:
கம்பெனி பெயர் பொறித்தது, அறுபத்துநாலு ஜிபி.
"உள்ள ஒண்ணுமில்ல. அழிச்சுக்க."

கேம்ப் பாஸ் ஜும்ஆவுக்குப் போன நேரம்
அவர் கம்ப்யூட்டரில் சொருகினேன்.
ஒண்ணுமில்லாததில் நாற்பத்து மூன்று ஒலிப்பதிவுகள்.
ஒன்றைத் தட்டினால் தொண்டையைச் செருமிக்கொண்டு
செங்கோடன், அரபியில்:
என் பெயர் செங்கோடன்.
எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்.
எனக்கு தம்மாம் தெரியும், கோபார் தெரியும், எனக்கு...
அங்கே தடுக்கி, தமிழில் ஒரு கெட்டவார்த்தை,
மறுபடி என் பெயர் செங்கோடன்.
பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.
நான்தான்.

மஞ்சள் முக்கோணம் வந்தது.
போன் போட்டேன்.
"நாப்பத்து மூணு இருக்குடா."
"அந்த வேலைக்குத்தான் எகிப்துக்காரனை எடுத்துட்டாங்களே.
அழுத்து."
அழுத்தினேன்.
பச்சைக்கோடு ஊர்ந்து ஊர்ந்து
தொழுகை முடிந்து செருப்புச் சத்தம் கேட்கவும் நூறு.

எஃப் பன்னிரண்டை விடாமல் தட்டவேண்டும்.
அரைநொடி பிந்தினால் பழைய நீலம்.
இரண்டு முறை பிந்தினேன்.
மூன்றாவதில் திறந்தது,
முழுக்க அரபியில்.

பாஸின் கம்ப்யூட்டர் பேசும் மொழியையே
பென்டிரைவும் வாங்கி வந்திருக்கிறது.
வலப்பக்கம் இருக்கவேண்டிய பொத்தான்கூட
இடப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தது.
ஞானதிரவியம் என்னைப் பார்த்தான்.
நான் ஏசியைப் பார்த்தேன்.

ஏணியில் இறங்கி வந்தான் செங்கோடன்.
பருப்புக் கடைந்த விரலைக் கைலியில் துடைத்து
திரையில் வலமிருந்து இழுத்தான்:
அலிஃப், லாம், தா, அலிஃப், லாம், யா.
"அத்தாலி. அடுத்துன்னு அர்த்தம்."
எழுத்து எங்கடா படிச்ச?
"நம்பர் பிளேட்டுல. டிராஃபிக் நிக்கும்ல."

சம்மதமா என்று கேட்கிறது, என்றான். சம்மதம்.
எந்த டிஸ்க் என்று கேட்கிறது. இருப்பதே ஒன்று.
அத்தாலி, அத்தாலி,
பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை வரும்வரை
எங்கள் மூவருக்கும் அந்த ஒரு சொல்தான்.

மறுநாள் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்தேன்.
சாயங்காலம் வந்து நின்றான்.
"அறுபத்துநாலு தந்தேன். முப்பத்திரண்டுதான் காட்டுது."
மீதி எங்கேயும் போகவில்லை,
உள்ளேதான் இருக்கிறது, காட்டாது,
ஒரு ஃபார்மட் போட்டால் வந்துவிடும் என்றேன்.

"இதையேதான் நம்ம ஓவர்டைமுக்கும்
அக்கவுண்டண்ட் சொல்றான்"
என்று சொல்லி
மூடியைத் தேடிப் போனான்.