மூன்றாம் பிட்

லாபிஸ் செம்பனை ஆலை. இரவு இரண்டு நாற்பது.
குலை ஏற்றும் கன்வேயர்
நின்றுவிட்டது.
அவியல் கலன்கள் மட்டும்
பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

திரையில் பதினாறு கட்டங்கள்.
வலக்கோடியிலிருந்து எண்ண வேண்டும்,
அதுவும் சுழியத்தில் தொடங்கி.
தயார் என்பது ஒன்று.
மின்சாரம் ஒன்று.
மூன்றாவது, பிழை என்கிற பிட்,
மாலைவரை கோசோங்.
இப்போது ஒன்று.

கோசோங் என்றுதான் எங்களுக்கு வாயில் வருகிறது.
மாமாக் கடையில் அது சீனி போடாத தே ஓ.
தாமானில், புல் முளைத்த வாசலோடு ஆளில்லாத வீடு.
இந்தக் கட்டத்தில் மட்டும் நல்ல சொல்:
கவலைப்பட ஒன்றுமில்லை.

தமிழ்ப்பள்ளியில், இரண்டாம் வகுப்பில்,
புள்ளியை மறந்ததற்குக்
கொட்டு வாங்கியிருக்கிறேன்.
வைத்தால் க்,
எடுத்தால் க.
கடுகளவு மை,
உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று
சொல்லிவிடும்.
மோட்டார் கண்ட்ரோலரின் கையேட்டை
முதல்முறை விரித்தபோது
தெரிந்த பாடம்தானே என்று தோன்றியது.

ஆனால் கட்டளைப் பக்கம் வேறு மாதிரி.
நிறுத்தும் பிட் தலைகீழ்:
ஒன்று என்றால் போகலாம், சுழியம் என்றால் நில்.
கம்பி அறுந்து பேச்சு வராமல் போனாலும்
நில் என்றே பொருள் வரட்டும் என்று
எவரோ ஒருவர்
எங்கோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.
அவருக்கு என் வணக்கம்.

பிழை எண் நாற்பத்தொன்று. அவசரக் கயிறு.
டார்ச்சோடு இறங்கினேன்.

ஏழாம் தூணடியில் ஷொஃபிகுல்
குந்தியிருந்தான்.
கையுறையில் பாதி உருளைக்குள்.
மீதி அவன் மடியில்.
"ஜாரி காட்டு" என்றேன்.
விரித்தான்.
இங்கே நான் சுழியத்தில் தொடங்கவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
ஐந்து.
அந்தக் கை. பத்து.

போன் அடித்தது.
"யுகேஸ், முப்பது டன் குலை காத்துக் கிடக்கிறது.
சியாபா தாரிக்?"
அவன் பெர்மிட் புதுப்பிக்க
இன்னும் மூன்று வாரம்.
திரையில் இருந்ததை அப்படியே வாசித்தேன்:
அவசரக் கயிறு இழுபட்டது, துவான்.
"யார் இழுத்தது என்று கேட்கிறேன்."
அதற்கு பிட் இல்லை, துவான்.

கத்தியால் கையுறையை அறுத்தெடுத்தேன்.
கயிற்றைப் பழையபடி மாட்டினேன்.
ஆனாலும் மூன்றாம் பிட் ஒன்றிலேயே நின்றது.
காரணம் போனாலும் அது போகாது,
ஒருவர் வந்து
பார்த்துவிட்டேன் என்று சொல்லும்வரை.

சொல்வதற்கென்று ஏழாம் பிட்.
அதை ஒன்றில் அழுத்தி வைத்திருந்தால்
வேலைக்காகாது.
முன்பிருந்த ஹாரோன் அப்படித்தான் விட்டுவிட்டுப் போவான்,
மெஷின் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டே.
அதன் காதில் விழுவது
சுழியத்திலிருந்து ஒன்றுக்கு ஏறுகிற
அந்த ஒரு கணம்தான்.
இறக்கினேன். ஏற்றினேன்.

பெல்ட் சிலிர்த்தது.
குலைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
நகரத் தொடங்கின.
அறிக்கையில் ஒரே வரி எழுதினேன்,
கையுறையைப் பற்றி இரண்டாவதாக ஒரு வரி:
அளவு பெரிது, சிறியது வாங்கவும்.

ஏழு மணிக்கு மாமாக் கடை.
எனக்கு தே ஓ கோசோங்.
அவனுக்கு மட்டும் கோசோங் வேண்டாமாம்.
மூன்று கரண்டி சீனி போட்டான்,
கொஞ்சம் யோசித்து
நாலாவதும்.
கண்ணாடிக் குவளையைச் சுற்றி
கலக்கிக்கொண்டிருந்த கையை,
நினைக்காமலே,
மறுபடி எண்ணினேன்.