எட்டு போட எந்த வண்டி

புதன்கிழமை மார்த்தாண்டத்தில் டெஸ்ட்.
செவ்வாய் மத்தியானம் வரை
மேசைமேல் மூன்று சாவி கிடந்தது.

கொழுந்தன் பிரைட்சிங் கொண்டுவந்து நிறுத்தினது எக்ஸெல்.
"இதுல கண்ணைக் கெட்டிட்டும் எட்டு போடலாம் மைனி."
போடலாம்தான்.
லைசென்சில் கியர் இல்லாத வண்டி என்று அடித்துத் தருவார்கள்.
நான் விடியுமுன் மூணு மணிக்கு
களியல் ஏற்றத்தை ரெண்டாம் கியரில் ஏறுகிறவள்,
ரெண்டு வருஷமாக.
அந்நேரம் விழித்திருக்கிற போலீசை
இன்னும் பார்த்ததில்லை.

டிரைவிங் ஸ்கூல் சுனில்ராஜிடம் புதுசு ஒன்று,
வாடகை இருநூறு.
டேங்கில் என் முகம் தெரிந்தது,
நெற்றி விளக்கின் வார் பதிந்த கோட்டோடு.
ஏறி உட்கார்ந்தால்
பெருவிரல் மட்டும் மண்ணைத் தொடுகிறது.
கால் எட்டாத வண்டியிலா எட்டு?
"காலை ஊணினா ஃபெயிலு அக்கா," சிரித்தான் சுனில்,
"பொறவு எட்டினா என்ன, எட்டாட்டி என்ன?"
அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.
அதுதான் ராத்திரி உறக்கத்தைக் கெடுத்தது.

மூன்றாவது சாவியில்
வேளாங்கண்ணி மாதா படம் பாதி தேய்ந்திருக்கும்.
மெல்க்கியாஸ் தம்மாமுக்குப் போனபோது
தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போன ஸ்பிளெண்டர்.
நாலாம் நாள் தார்ப்பாயை உருவி
பின்னால் பால் கேனைக் கெட்டினேன்.
"வண்டி மூடித்தானே கெடக்கு?"
ஞாயிறுதோறும் போனில் கேட்பார்.
"மூடித்தான்."

நியூட்ரல் விளக்கு எரியாது.
இன்டிகேட்டர் ஒன்றுக்கு செல்லோடேப்.
ஆனால் கிளட்ச்சை அரைவாசி விட்டால்
ஆக்சிலேட்டர் தொடாமலே நடக்கும்,
சினைப்பசு மாதிரி.
வெட்டு முடிந்து, பால் எடுக்குமுன்
சிரட்டை நிறையக் காத்திருக்கிற நேரத்தில்
ரெண்டு ரப்பர் மரத்தைச் சுற்றிச் சுற்றி
எத்தனை எட்டு.
மரங்கள் மார்க் போடுவதில்லை.

இன்சூரன்ஸ் தீர்ந்து ஒன்பது மாதம்.
அருமனையில் போய்க் கெட்டினேன்,
மூணு நாள் வெட்டுக்கூலி.
வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் உறைத்தது:
வண்டி அவர் பெயரில்,
மெசேஜ் அவர் போனுக்குத்தான் போகும்.

அன்று செவ்வாய். ஞாயிறு இல்லை.
போன் அடித்தது.

"இன்சூரன்சா? யாரு ஓட்ட?"
"நான்தான்."

தம்மாமில் ஏதோ ஒரு ஏசி உறுமுகிற சத்தம்.
திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.
திட்டுவதற்கு முன்னால் வருகிற மூச்சுகூட வந்தது.

"கிளட்ச் கேபிள் மாத்தணுமே அதுக்கு" என்றார்.
"மாத்தியாச்சு."
"எப்பம்?"
"ரெண்டு வட்டம் மாத்தியாச்சு."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கி
கிக்கரை உதைத்தேன்.
முதல் உதையில் பிடித்தது.
அங்கேயும் கேட்டிருக்கும்.